எதிரே வந்த குடம்

சாமான் கட்டுகிற வீட்டில் யாராவது ஒருவருக்கு உற்சாகம் இருந்தால்தான் வேலை ஓடும். மாணிக்கவாசகம் வீட்டில் அந்த உற்சாகம் முழுவதும் மகள் கோகிலாவிடம் குவிந்து கிடந்தது. மலாக்காவின் காஜா பேராங்கில் இத்தனை காலம் குடியிருந்த பலகை வீட்டைக் காலி செய்துவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறப்போகிறார்கள். மார்கழி பிறந்துவிட்டால் குடிபெயரக் கூடாது என்பதால் கார்த்திகைக்குள் கிளம்பியாக வேண்டும். கோகிலா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கிவிடுவாள். பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து, பழைய துணி சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, சாக்கில் போட்டுக் கோணி ஊசியால் தைத்தாள். ஊரில் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்த துண்டுகள், வாசனைச் சோப்புகள், கோடாலித் தைலப் புட்டிகள் எல்லாவற்றையும் கம்பளிக்குள் சுருட்டித் தகரப் பெட்டியில் வைத்தாள். எல்லாம் வைத்த பிறகும் ஒரு மூலையில் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள். அது அவளுடைய துணிகளுக்கு.

கப்பலில் கோகிலாவுக்கு இடம் எடுக்கவில்லை. அது அவளுக்குத் தெரியாது. அவள் அம்மா பூங்காவனத்துக்குத் தெரியும்.

தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி கட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று பூங்காவனத்தைத்தான் கேட்க வேண்டும். பெண் வாயைத் திறந்தால் மூடமாட்டாள். ஊரில் குளிருமா, குளத்தில் இறங்கிக் குளிக்க விடுவார்களா, பெரியப்பா கோபக்காரரா என்று வரிசையாகக் கேட்பாள். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பெரிய கவலை அண்ணன் மருதமுத்துவின் கல்யாணம். போன வருஷமே ஊருக்குப் போய்விட்ட அவனுக்குத் தை மாதம் முகூர்த்தம். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டபின் மிச்ச இரண்டு முடிச்சையும் நாத்தனார்தான் போட வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கோணி தைக்கிற நூலை எடுத்து ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். அவிழாமல் விழுந்த முடிச்சை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பூங்காவனம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து போனாள்.

கோகிலா அவள் பெற்ற பெண் அல்ல. அதை யாரும் மறைத்ததில்லை, மறைக்கவும் முடியாது. முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் தெங்கேராப் பக்கம் காய்கறித் தோட்டம் போட்டிருந்த ஒரு சீனப் பெண் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அதே வாரம் பூங்காவனம் தன் குழந்தையை மண்ணில் வைத்துவிட்டு, பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தாள். பொதுப்பணி இலாகாவில் மேஸ்திரியாக இருந்த மாணிக்கவாசகம்தான் அந்தக் குழந்தையைச் சிவப்புத் துணியில் சுற்றித் தூக்கி வந்து அவள் மடியில் போட்டார். குழந்தை ஊரைக் கூட்டி அழுதது. குயில் மாதிரியான குரல் என்று கேலியாகச் சொல்லி, கோகிலா என்று அவரே பெயர் வைத்தார். சாதி சனம் என்ன சொல்லும் என்று பூங்காவனம் கேட்டதற்கு, பசிக்கிற பிள்ளைக்குச் சாதி ஏது என்று அதட்டியவரும் அவர்தான்.

அதன் பிறகு ஒன்று நடந்தது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பயந்து கிடந்த சமயம். ஒருநாள் விடியற்காலையில் குழந்தைக்கு ஜுரம் கண்டு உடம்பு தூக்கிப் போட்டது. மாணிக்கவாசகம் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக்காக டவுனுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது லோரி வந்து கம்பத்துக் குடியிருப்பின் ஆண்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. போனவர்களில் யாரும் திரும்பவில்லை. அன்றைக்குக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் அழுததைப் பூங்காவனம் பார்த்தாள். இந்த உயிர் இது போட்ட பிச்சை என்று வாய்விட்டுச் சொன்னார்.

அதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. முக்கியமான காரியமாக வெளியே கிளம்பினால் கோகிலா நிறைகுடத்தோடு எதிரே வர வேண்டும். அவளுக்கு இடுப்பில் சொம்பு நிற்கிற வயதிலேயே பழக்கிவிட்டார். கிணற்றடியிலிருந்து வர வேண்டும், சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது, முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது, தாண்டிப் போன பிறகு திரும்பக் கூடாது. சின்ன வயதில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கி வருவதைப் பார்க்க அக்கம்பக்கம் கூடிவிடும். மேஸ்திரி உத்தியோகம் உயர்ந்தபோதும் அவள்தான் எதிரே வந்தாள், மருதமுத்துவுக்குப் பெண் பேச ஆள் அனுப்பியபோதும் அவள்தான் எதிரே வந்தாள். கடைசியில் கப்பலில் இரண்டு பேருக்கு மட்டும் இடம் எடுக்கப் போன அன்றைக்கும் அந்த மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு, கோகிலாவைக் குடம் எடுத்து வரச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினார். அவருக்கு வெட்கம் என்று ஒன்று இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

விஷயம் இதுதான். மருதமுத்துவுக்குப் பேசிய பெண் வீட்டார், ஊரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சீனத்துப் பெண் நாத்தனார் என்று வந்து நின்றால், அவள் கை பட்ட தாலியை எங்கள் பெண் கழுத்தில் ஏற்றமாட்டோம். பெரியப்பாவும் அதற்குத் தலையாட்டிவிட்டார். தன் பெண்களும் கல்யாணத்துக்கு நிற்கிறார்களாம். கோகிலாவைத் தெங்கேராவில் ஜவுளிக்கடை வைத்திருந்த கலியாணசுந்தரம் வீட்டில் விடுவதென்று மாணிக்கவாசகம் பேசி முடித்துவிட்டார். அந்த வீட்டு அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, கைக்கு ஒத்தாசையாக ஒரு பெண் வேண்டும். நல்ல மனிதர்கள், காலா காலத்தில் கட்டிக் கொடுப்பார்கள் என்றார். கைக்கு ஒத்தாசை என்றால் என்ன என்று பூங்காவனத்துக்குத் தெரியாதா? வேலைக்காரி.

கோகிலா கிணற்றடிக்குப் போயிருந்த ஒரு மத்தியானத்தில் பூங்காவனம் நேருக்கு நேர் நின்று, அப்படியானால் தானும் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

"அங்க கூட்டிட்டுப் போனா தெனம் வாசல்ல வந்து நின்னு வேடிக்க பாப்பாங்க. அந்தப் புள்ளைய அப்படி நிக்க வைக்கணுமா? ஒன் மவன் மணவறையில தனியா நிக்கட்டும், நீ இங்கியே இரு. எனக்கு ஒண்ணும் இல்ல."

பெற்ற மகன் ஒரு பக்கம், பால் கொடுத்த மகள் ஒரு பக்கம். பூங்காவனம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டாள். அதற்கு மறுநாள் பெட்டி கட்ட உட்கார்ந்தாள். இவ்வளவுதான் அவள் போட்ட சண்டை. கிளம்புகிற அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம், இப்போதே சொன்னால் பிள்ளை அழுது ஆர்ப்பாட்டம் பண்ணும் என்று அவர் சொன்னதற்கும் சரி என்றுவிட்டாள். சொல்லாமல் இருப்பதோடு அவள் நிற்கவில்லை. கல்யாணத்தில் போட்டுக்கொள்ள என்று ஊதா நிறத்தில் ஒரு பட்டுப் பாவாடை எடுத்துத் தைத்துக் கொடுத்தாள். எதற்கு அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. பெண் அதைக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து காட்டியபோது, செத்துவிடலாம் போலிருந்தது.

இந்தப் பொய் கப்பல் நாள் வரை ஓடியிருக்கும். ஓடவிடாமல் செய்தவர் சோமசுந்தரம்.

சோமசுந்தரம் பக்கத்து வளவில் இருந்த மலாக்கா செட்டி. அவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன் வந்து இங்கேயே வேர்விட்டவர்கள். கோயில், விரதம், பொங்கல் எல்லாம் நம்மைவிடக் கண்டிப்பு. வீட்டில் பேசுவது மட்டும் மலாய். சோமசுந்தரத்துக்குத் தமிழ் என்றால் சாமி பெயர்களும் உறவுமுறைகளும் இன்னும் கொஞ்சம் சொற்களும்தான். கோகிலா பெரியவளானபோது ஒரு சங்கடம் வந்தது. பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட, சீர் வைக்கத் தாய்மாமன் வேண்டும். பூங்காவனத்தின் உடன்பிறந்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம். சும்மா பேருக்கு நிற்கட்டும் என்று மாணிக்கவாசகம்தான் சோமசுந்தரத்தைக் கூப்பிட்டார். அவருக்குப் பேருக்கு நிற்கத் தெரியவில்லை. ஏணி வைத்துத் தானே தென்னையில் ஏறி, கையைக் கிழித்துக்கொண்டு ஓலை வெட்டினார். குடிசை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சீர்த் தட்டில் டோடோல் மிட்டாய் இருந்ததைப் பார்த்து வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் பூங்காவனத்தை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மருமகளுக்குத் துணி வந்துவிடும். மாணிக்கவாசகம் அதையெல்லாம் அவருடைய நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டார். கடமை என்று அவர் நினைத்துச் செய்கிறார் என்பது இவருக்கு உறைக்கவே இல்லை.

கோழிகளைக் கப்பலில் ஏற்ற முடியாதே. கோகிலா கூண்டோடு தூக்கிக்கொண்டு போய்ச் சோமசுந்தரத்தின் மனைவி சிவகாமியிடம் கொடுத்து, எது முட்டையிடும், எது கொத்தும் என்றெல்லாம் ஒப்புவித்துவிட்டு, அத்தை, நாங்கள் கப்பல் ஏறுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனும் பெண்சாதியுமாக வந்து நின்றார்கள். சோமசுந்தரம் சாரோங் கட்டி, மேலே கோட்டுப் போட்டு, தலைப்பாகையும் வைத்திருந்தார். கெபாயா உடுத்திய சிவகாமி கையில் தட்டு. அதில் ஒரு புடவை, கண்ணாடி வளையல், பூ, தேங்காய், வெற்றிலை பாக்கு, கப்பலில் வாய்க்குப் போட்டுக்கொள்ள இலையில் கட்டிய டோடோல். மருமகள் கடல் தாண்டிப் போகும்போது மாமன் புடவை கொடுத்து அனுப்புவதுதானே முறை என்று மலாயில் சொன்னார். கப்பல் எந்த நாள் என்று கேட்டார். துறைமுகம் வரை வந்து அவளை ஏற்றிவிட வேண்டும், அதற்கு லீவு சொல்லிவைத்திருக்கிறேன் என்றார்.

மாணிக்கவாசகம் மரப்பெட்டிக்கு மூடி அடித்துக்கொண்டிருந்தார். வாயில் ஆணி. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் பொய்யே தெரியாத மனிதர் அல்ல. அந்தத் தட்டுக்கு எதிரே அது வாயில் வரவில்லை. ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, கோகிலா வரவில்லை, தெங்கேராவில் ஒரு வீட்டில் விட்டுப்போகிறோம் என்று மலாயில் சொன்னார். மலாயில் சொன்னால் பெண்ணுக்குப் புரியாது என்று நினைத்தாரோ என்னவோ. அவளுக்கு அவரைவிட நன்றாகவே மலாய் வரும்.

கதவருகில் நின்ற கோகிலா அழவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை. பூங்காவனத்தைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பெண்ணுக்கு ஒரு தாயாவது மிஞ்சியிருப்பாள். பூங்காவனத்துக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் போதும் போதும் என்கிற அளவுக்குப் பொய் சொல்லியாகிவிட்டது.

"தெரியும்" என்றாள்.

சிவகாமி தட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள். சோமசுந்தரத்தின் முகம் சிவந்துவிட்டது. மலாயில் ஏதோ ஆரம்பித்தவர் அதை நிறுத்திவிட்டு, தெரிந்த தமிழையெல்லாம் திரட்டிக்கொண்டு பூங்காவனத்திடம் திரும்பினார்.

"அக்கா, ஓலை நான் வெட்டுனது. குடிசை நான் கட்டுனது. மாமன் இருக்கேன். பிள்ளை இன்னொரு வீட்டு டாப்போர்ல தூங்காது."

டாப்போர் என்றால் அடுப்படி. அந்த வீட்டில் தன் பெண்ணுக்கு என்ன காத்திருந்தது என்பதை இந்த மனிதர் ஒரே பேச்சில் சொல்லிவிட்டார். மாணிக்கவாசகம் அது வெறும் சடங்குக்கு நின்றதுதானே என்று இழுத்தார். சடங்கு விளையாட்டா என்று சோமசுந்தரம் மலாயில் கேட்டார். நிம்மதியாகக்கூட இருந்திருக்கும் மாணிக்கவாசகத்துக்கு. சுத்தியலை எடுத்து, ஏற்கெனவே இறங்கிவிட்ட ஆணியையே அடித்துக்கொண்டிருந்தார்.

கோகிலா உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தாள். தன் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பள்ளிக்கூடப் பாவாடை, இரண்டு தாவணி, ரிப்பன் டப்பா, மெர்டேக்கா சுதந்திர தின ஊர்வலத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடுத்த சின்னக் கொடி. இந்த நாடு இனி மலாய்க்காரர்களுடையது, நமக்கு இங்கே என்ன இருக்கிறது என்று மாணிக்கவாசகம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கே இருந்தது அந்தக் கொடியை மடித்து மூட்டையில் வைத்துக்கொண்டிருந்தது. ஊதாப் பட்டுப் பாவாடையை மட்டும் அவள் எடுக்கவில்லை. பூங்காவனம் எடுத்து நீட்டினாள்.

"அண்ணிக்கு ஆவும்" என்றாள் கோகிலா.

மூட்டையோடு மாமன் வீட்டுக்கு நடந்தாள். பெட்டியின் அந்த மூலை காலியாகிவிட்டது. மாணிக்கவாசகம் டவுனுக்குப் போய் இன்னும் கொஞ்சம் சோப்பு வாங்கி வந்து அதை நிரப்பினார்.

மிச்சமிருந்த நாட்களில் பூங்காவனம் தினமும் சாயங்காலம் சோமசுந்தரம் வீட்டுக்குப் போனாள். சீப்பும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு போவாள். கோகிலா படியில் வந்து உட்காருவாள், தலையைக் கொடுப்பாள், பேசமாட்டாள். பூங்காவனம் இழுத்து இழுத்து நேரம் கடத்தி வாருவாள். பின்னி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் பின்னுவாள். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரும். கேட்டால் அவள் மன்னித்துவிடுவாள், அப்படிப்பட்ட பெண். அந்தப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்றக் கூடாது என்று வாயை மூடிக்கொள்வாள். சிவகாமி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, முந்தானை இல்லாத உடுப்பில் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

கிளம்புகிற நாள் வந்தது. வாடகைக் கார் வந்து நின்றது. சாமான்கள் முந்தின நாளே லோரியில் போய்விட்டன. பூங்காவனம் வெறும் வீட்டைக் கூட்டப் போய், கிளம்புகிற வீட்டைக் கூட்டக் கூடாது என்பது நினைவு வந்து விளக்குமாற்றைப் போட்டாள். ஜன்னல் கம்பியில் கோணி நூல் முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்க்கப் பார்த்தாள், அது அவிழவில்லை. சோமசுந்தரமும் சிவகாமியும் கார் அருகே வந்து நின்றார்கள். கோகிலாவைக் காணவில்லை. பூங்காவனம் கேட்டதற்கு, காலையிலிருந்து கிணற்றடியில் இருக்கிறாள், வரமாட்டேன் என்கிறாள் என்றார் சோமசுந்தரம். வராமல் இருப்பதும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டாள். மகளைப் பார்த்துக்கொள் தம்பி என்று சொல்ல நினைத்து, அதைச் சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை என்று அதையும் விழுங்கினாள்.

மாணிக்கவாசகம் வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டார். மாட்டிய பிறகும் இறங்கவில்லை. பழக்கதோஷம், ஒரு நிமிஷம் அப்படியே நின்று எதிரே பார்த்தார். எதற்காக நிற்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் புரிந்தது போலும். முகம் செத்துப்போயிற்று. அவசரமாகப் படி இறங்கி வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தார். பூங்காவனம் பின்னால் ஏறினாள். வண்டி நகர்ந்தது.

முச்சந்தி திரும்புவதற்கு முன் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். செம்மண் பாதையில் எதிரே கோகிலா வந்துகொண்டிருந்தாள். மாமன் கொடுத்த புடவையைக் கட்டியிருந்தாள். புடவைக்கு அவள் இன்னும் வளரவில்லை. கொசுவம் காலைத் தட்டியது. இடுப்பில் மாமன் வீட்டுப் பித்தளைக் குடம், விளிம்பு வரைக்கும் தண்ணீர். யாரும் அவளிடம் எடுத்து வரச் சொல்லவில்லை.

அப்பா சொல்லிக்கொடுத்தபடியே வந்தாள். சிரிக்கவில்லை. பேசவில்லை. முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பூங்காவனம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். கை அவளுடைய தோளில் பட்டது, குடத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் தளும்பி நீட்டிய கையில் விழுந்தது. கோகிலா நிற்காமல் தாண்டிப் போனாள். முன்னால் மாணிக்கவாசகம் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினார். லோரிக்குத் தப்பி வந்த அன்றைக்கு அவர் அழுத அதே அழுகை. வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள் என்று பூங்காவனம் அவர் முதுகைப் பிடித்து உலுக்கினாள். அவர் சொல்லவில்லை. டிரைவருக்கு இதெல்லாம் என்ன தெரியும், வண்டி போய்க்கொண்டிருந்தது.

கிளம்பியவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். பூங்காவனம் முட்டி போட்டுப் பின்கண்ணாடியில் பார்த்தாள். கோகிலா நடுப்பாதையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அந்தப் பக்கம் பார்த்தபடியே நின்றிருந்தாள். அழுகிறாள் என்பது தோள்கள் குலுங்குவதில் தெரிந்தது. ஒருமுறையாவது திரும்புவாள் என்று முச்சந்தி மறைகிற வரைக்கும் பூங்காவனம் பார்த்தாள். சகுனத்துக்கு வந்தவள் திரும்பக் கூடாது. அவள் திரும்பவில்லை.